பழைய கேசட்டுக்கு விலை சொன்னவள்

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத்தான் பார்ப்பாள். பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் பன்னிரண்டு வருஷம் நின்ற பழக்கம் அது. டீ கிளாஸைக் கொடுத்தால் அடியைப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் மாப்பிள்ளை பெயரைப் படிக்கும் முன்பே அட்டையின் ஓரம் சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவுவாள். என் கடைக்குள் நுழைந்து, என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்துகொண்டிருந்த ஒரே காரியத்தையும் அப்படித்தான் திருப்பிப் பார்த்தாள்.

'அவர்' என்று எழுத வேண்டியவள்தான். நேரில் பேசும்போது நான் ஒருநாளும் வாங்க, போங்க தவறியதில்லை. எங்கள் ஊரில் சண்டையைக்கூட 'ங்க' போட்டுத்தான் போடுவோம். ஆனால் எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் கை போகிறது. வயிற்றெரிச்சல், வேறென்ன. அவள் திருப்பூரை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் அடங்கவில்லை. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாலு பேர் அவளைத் தேடிக்கொண்டு போவார்கள். அந்தப் புண்ணியம் என்னால் நடக்க வேண்டாம்.

வீரபாண்டி பக்கம் எனக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜ் ஏறாத போனைப் பிரித்துப் பார்ப்பது, கவர் விற்பது, இதெல்லாம் சோற்றுக்கு. மனசு இருந்தது பின்பக்கக் கண்ணாடி அலமாரியில். அதில் பழைய வீடியோ கேம் கேசட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். டிவியோடு சேர்க்கிற சின்ன மெஷின், அதில் சொருகுகிற கையகல பிளாஸ்டிக் கேசட். தொண்ணூறுகளில் பிள்ளையாக இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முக்கால்வாசிப் பேருக்கு இது பழைய இரும்புக்கடைக்குப் போட வேண்டிய சாமான். ஆனால் இன்றைக்குக் கை நிறையச் சம்பாதிக்கிற சிலர் இருக்கிறார்கள். சின்ன வயதில் ஆடிய, அல்லது ஆடக் கிடைக்காத ஒரு கேசட்டுக்கு இப்போது ஒரு மாதச் சம்பளத்தை நீட்டுவார்கள். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் சேர்ந்து செல்போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். கோயம்புத்தூர், ஈரோடு, சென்னை, பெங்களூர் என்று ஆட்கள். திருப்பூருக்கு நான் ஒருத்தன்தான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எனக்கு இந்தக் கிறுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா கட்டிங் மாஸ்டர். அவர் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி ஜெர்மனிக்கு எக்ஸிபிஷன் போய்விட்டு வரும்போது மகனுக்கு ஒரிஜினல் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். போனஸ் சமயத்தில் அப்பாவோடு அந்த வீட்டுக்குப் போவேன். அந்தப் பையன் ஹாலில் உட்கார்ந்து ஆடுவான், நான் கதவோரம் நின்று பார்ப்பேன். ஒருதடவை தரட்டுமா என்று கண்ணால்கூட அவன் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து நான் உருண்டு புரண்டு அழுததில் அப்பா சந்தையில் விற்ற டூப்ளிகேட் மெஷினை வாங்கித் தந்தார். மஞ்சள் கேசட், மேலே எத்தனையோ ஆட்டங்கள் இருப்பதாகப் போட்டிருக்கும், உள்ளே நாலைந்துதான் மாறி மாறி வரும். அதனால் ஒரிஜினல் கேசட் என்றால் இரண்டு கையாலும்தான் எடுப்பேன். அந்த அலமாரியைத் துடைக்க மட்டும் மனைவியை விடமாட்டேன்.

அவள் முதலில் வந்தது போன் டிஸ்பிளே மாற்ற. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேராக வந்திருந்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி. அவளும் புருஷனும் கல்யாணமான மறுமாதமே இங்கே வேலைக்கு வந்துவிட்டவர்கள். நான் போனைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் ஈரோட்டிலிருந்து வந்த ஒருத்தர் அலமாரியிலிருந்த ஒரு கேசட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை லேபிள், தவளைப் படம். கோயம்புத்தூரில் நல்ல விலை கொடுத்து நான் வாங்கி வந்த சரக்கு. ஈரோட்டுக்காரர் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டார். அவர் கையிலிருந்ததை இவள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் படம் ரெண்டாவது ஒட்டுனது" என்றாள்.

"ஏனுங்க?" என்றேன். காதில் சரியாக விழாத மாதிரி.

"பச்சை, கறுப்புக் கோட்டைத் தாண்டி வெளிய வந்துருக்கு பாருங்க. மெஷின் பிரிண்ட்ல இவ்வளவு வராது. ஓரமும் அச்சு வெச்சு வெட்டுனது இல்ல, கத்திரியால வெட்டியிருக்காவ. இந்த முக்குல பிசிறு நிக்கு."

நாள் பூராவும் டீ சர்ட் நெஞ்சில் அச்சடித்த படங்களைப் பார்த்துப் பார்த்து எது சரி, எது விலகல் என்று சொல்கிற கண் அது. ஈரோட்டுக்காரர் கேசட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறமேட்டுக்கு வர்றனுங்க" என்று போய்விட்டார். நான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. லேபிள் போலி. எட்டு மாதமாக அதைத் தினமும் துடைத்து வைத்த எனக்கு அது தெரியவில்லை. போன் டிஸ்பிளே மாற்ற வந்தவளுக்கு எட்டிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவளிடம் வழக்கத்தைவிட ஐம்பது ரூபாய் சேர்த்து வாங்கினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். போனில் ஒன்றும் கோளாறு இல்லை. "அண்ணே, அந்தக் கேசட்டையெல்லாம் கொஞ்சம் பாக்கட்டா?" என்றாள். பெண் பிள்ளை, ஆசையாகக் கேட்கிறாள், மறுக்க முடியவில்லை. நானே ஸ்டூலை எடுத்துப் போட்டு, எது ஜப்பான் சரக்கு, எது அமெரிக்கா சரக்கு, எதில் உள்ளே பேட்டரி இருக்கும், அந்த பேட்டரி செத்துப்போனால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். மூன்று மாதத்தில் அவளும் எங்கள் குரூப்பில் சேர்ந்து வாங்கி விற்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? ஒரு பழைய இரும்புக்கடையில் கிடந்த வெறும் அட்டைப்பெட்டி. உள்ளே கேசட்டே இல்லை. பெட்டியும், ஆடுவது எப்படி என்று சொல்கிற சின்னப் புத்தகமும் மட்டும். அதே இரும்புக்கடையில் அதே பெட்டியை நான் அதற்கு முந்தின வாரம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, வெறும் பொட்டியை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? வெங்காயம் போட்டு வெக்கவா?" என்று சிரித்தேன்.

"டேக் இல்லாத டீ சர்ட்டு ரோட்டோரம் நூறு ரூவாய்க்குக் குமிச்சுக் கெடக்கு. அதே சர்ட்டு, டேக்கு பொட்டியோட கடைக்குள்ள இருந்தா என்ன வெலைண்ணே? துணி ஒண்ணுதான்" என்றாள்.

பிள்ளைகள் கேசட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், பெட்டியை அன்றைக்கே கிழித்துவிடுவார்கள். அதனால் முப்பது வருஷம் கழித்து உலகத்தில் கேசட்டுகள் நிறைய இருக்கும், பெட்டிகள் இருக்காது. வெறும் கேசட்டை வைத்துக்கொண்டு பெட்டிக்காகத் தவிக்கிற ஆட்கள் ஊர் ஊருக்கு இருப்பார்கள். இது எனக்கும் தெரிந்த கணக்குதான். ஆனாலும் கேசட்டின் மேல் இருந்த மோகத்தில் பெட்டி என் கண்ணில் படவில்லை. அந்த வெறும் பெட்டியை அவள் என்னுடைய எந்தக் கேசட்டையும்விட அதிக விலைக்கு ஒரு சென்னைக்காரருக்கு விற்றாள். விற்றுவிட்டு எனக்குக் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தாள். அதையும் தின்றேன்.

அப்புறம் அந்த அம்பு ஸ்டிக்கர். செக்கிங்கில் துணியில் எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்டுவதற்கு நகத்தளவு சிவப்பு அம்பு ஒட்டுவார்கள். சரிசெய்கிற டெய்லர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இவள் கேசட்டுக்கும் அதையே செய்தாள். விற்பனைக்குக் குரூப்பில் போடும் போட்டோவில் கீறல் இருக்கும் இடம், மங்கிய இடம், யாரோ ஒரு பிள்ளை பேனாவில் பெயர் எழுதிய இடம் என்று எல்லா இடத்திலும் ஓர் அம்பு. கீழே எழுதுவாள்: 'ஏழு குறை இருக்கு. எட்டாவது ஒண்ணு கண்டுபிடிச்சீங்கன்னா திருப்பி எடுத்துக்கிடுதேன்.'

அதைப் பார்த்துவிட்டு நான் மனைவியிடம் காட்டிக் காட்டிச் சிரித்தேன். "இவளுக்கு ஏவாரமே தெரியலையே! ஊட்டுல பொண்ணைப் பாக்க வந்தவங்ககிட்ட, எம்பொண்ணு குறட்டை விடுவாளுங்கன்னு சொல்லுவாங்களா?"

என் போட்டோக்களுக்குக் கீழே நான் எழுதுவது வேறு. 'அருமையான பீஸ், புதுசு மாதிரி, முந்துங்கள்.' அரைமணி நேரத்துக்கு ஒருதடவை எடுத்துப் பார்ப்பேன். ஒருத்தரும் முந்தமாட்டார்கள். அவள் அம்பு ஒட்டிப் போட்டது பத்து நிமிஷத்தில் போய்விடும், கேட்ட விலைக்கே. கொஞ்ச நாளில் எனக்கே செய்தி வர ஆரம்பித்தது. 'அண்ணா, பீஸ் நல்லா இருக்கு. திருப்பூர் அக்கா ஒருதடவை பாத்து சொல்லிட்டாங்கன்னா எடுத்துக்கறேன்.' திருப்பூர் அக்கா! அப்படியென்றால் திருப்பூர் அண்ணன் செத்துப்போய்விட்டானா?

வேறு வழியில்லாமல் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வருவாள். என் சரக்கை எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, என்னென்ன குறை என்று சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். அதற்கு ஒரு பைசா வாங்கமாட்டாள். வாங்கியிருந்தால்கூட எனக்குப் பாதி எரிச்சல் குறைந்திருக்கும். வீட்டில் சாப்பிடும்போதும் அவளைப் பற்றித்தான் பேச்சு. ஒருநாள் மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, அந்தப் புள்ள ஏதோ அது பொழப்பைப் பாத்துக்கிட்டுப் போகட்டும்னு விட்டுப்போட்டு, நீங்க சாம்பாரை ஊத்துங்க" என்றாள்.

ஒருதடவை அவளை மடக்கலாம் என்று ஒரு கேசட்டைக் காட்டினேன். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிற கேசட். மிகக் குறைவாகத்தான் போட்டார்கள், அதுவும் பெட்டியோடு, புத்தகத்தோடு, கீறல் இல்லாமல் என்னிடம் இருந்தது. ஒரு வருஷமாகப் பெரிய விலை சொல்லி வைத்திருந்தேன். ஈ எறும்பு எட்டிப் பார்க்கவில்லை.

"இது இந்தியாவுலயே பத்துப் பேருகிட்ட இருந்தா அதிகமுங்க" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் கொண்டாட்டம். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "பொருள் சுத்தமா இருக்குண்ணே. கெடைக்காததுதான், நான் இல்லைங்கல. ஆனா இது வேணும்னு எந்தப் புள்ள அழுதிருக்கும்?"

அதுதான் அவள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்குக் கேசட் தேடி வருகிறவர்களிடம் ஊர், வேலை எல்லாம் கேட்கமாட்டாள். "உங்களுக்குப் பத்து வயசு எந்த வருஷம்ணே?" என்று மட்டும் கேட்பாள். சொன்னதும் அந்த வருஷத்துக் கேசட்டை எடுத்து முன்னால் வைப்பாள். எதிரே நிற்கிறவர் முகம் மாறிவிடும். நாற்பது வயது ஆள், தொந்தி வைத்தவர், டை கட்டிய பேங்க் மேனேஜர், அந்தக் கேசட்டைத் தொட்டுவிட்டு மூக்கை உறிஞ்சுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முந்தின தலைமுறை ஆடிய கேசட்டுகளின் விலை மெல்ல இறங்கும் என்றும் சொல்வாள். "அவங்களுக்கெல்லாம் வயசாயிட்டுல்லா, இனி மாத்திரைக்குத்தான் செலவு பண்ணுவாங்க."

அன்றைக்கு விடக்கூடாது என்று நான் கேட்டேன். "உங்களுக்கு எந்த வருசமுங்க பத்து வயசு? நீங்க எதுக்கு அழுதீங்க?"

"நான் அப்ப தீப்பெட்டி ஒட்டிட்டு இருந்தேண்ணே" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கணக்கு கேசட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் காதுகளை மடக்கி மூடி என்னிடம் தந்தாள்.

நல்ல மனுஷனாக இருந்தால் எனக்கு அந்த இடத்தில் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. எனக்குப் பொறாமைதான் இன்னும் ஏறியது. இவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை, அதனால் எல்லாம் இவள் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிறது. கதவோரம் நின்று ஏங்கியவன் நான். கையில் எடுத்தாலே எனக்குக் கண் கலங்கிவிடுகிறது, கீறல் எங்கே தெரியும்? ஆசைப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை, ஆசையே படாதவளுக்குப் பேரும் புகழும். என்ன நியாயம் இது என்று அன்றைக்கு ராத்திரி பூராவும் புழுங்கினேன்.

அப்போதுதான் பெருமாநல்லூரிலிருந்து ஒரு போன் வந்தது. பழைய எக்ஸ்போர்ட்டர் ஒருவரின் வீடு, இடித்துக் கட்டப்போகிறார்கள், ஸ்லாப்பின் மேல் பழைய விளையாட்டுச் சாமான் கிடக்கிறதாம். அவளுக்குத் தெரியும் முன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். அந்த வீட்டம்மா தூசியைத் தட்டிக்கொண்டே ஒரு சாக்கை இழுத்துப் போட்டார்.

"பையனுக்குன்னு அவரு வெளிநாட்டுலருந்து வாங்கியாந்ததுங்க. இவன் ஊட்டி ஹாஸ்டலுக்குப் போயிட்டான். இந்தப் பொட்டியை மட்டும் பிரிக்கவே இல்லீங்க, பாருங்க. எடுத்துட்டுப் போங்க, எடம் காலியானாப் போதும்."

பிரிக்காத பெட்டி! கம்பெனி போட்ட மெல்லிசு கண்ணாடிக் கவர் அப்படியே. இந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. ஆடிய கேசட் ஒரு விலை, பெட்டியோடு இருந்தால் பல மடங்கு, பிரிக்கவே பிரிக்காதது என்றால் சொன்னதுதான் விலை. ஒரே ஒரு குறை. மேல் மூலையில் கவர் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்து, சுருண்டு, பழுத்துப்போயிருந்தது. அதன் மேல் வெளிநாட்டுக் கடை ஒட்டிய பழைய விலைச் சீட்டு வேறு, பாதி உரிந்து அசிங்கமாகத் தொங்கியது.

அந்தக் கிழிசலைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் இதில் அம்பு ஒட்டுவாள். இவ்வளவு பெரிய பொருளிலும் சரியாக அந்த மூலையில் ஓர் அம்பு, உரிந்த சீட்டுக்கு இன்னோர் அம்பு. கூடாது. அவள் அம்பு ஒட்ட இடமே இல்லாத பீஸ் ஒன்று, வாழ்க்கையில் ஒரே ஒன்று, என் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கிழிந்த கவரை மாற்றுவது ஒரு தப்பே கிடையாது. கப்பலுக்குப் போகிற பெட்டியில் நாலு கவர் கிழிந்திருந்தால் பேக்கிங் செக்‌ஷனில் நாலு புதுக் கவர் போட்டு அனுப்புவோம். துணி அதே துணி. வாங்குகிறவன் சந்தோஷமாக வாங்கிக்கொள்வான். கிழிந்த கவரோடு அனுப்பினால்தான் திட்டு விழும். என் சிநேகிதன் ஒருவன் ஜட்டி, பனியன் பெட்டிகளுக்குச் சூட்டில் சுருங்கும் கவர் போடுகிற மெஷின் வைத்திருந்தான். அங்கே கொண்டுபோய்ப் பழைய கவரைப் பிளேடால் உரித்தேன். விலைச் சீட்டு அதோடு போயிற்று. பெட்டிக்குப் புதுக் கவர் போட்டு மெஷினில் விட்டோம். அந்தப் பக்கம் வெளியே வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. பழைய கவரை நூல் கழிவு மூட்டையில் போட்டோம், அது சாயங்கால வண்டியில் போய்விட்டது. நான் மோசடி செய்வதாக அப்போது நினைக்கவே இல்லை. பினிஷிங் செய்வதாகத்தான் நினைத்தேன். சரி, கொஞ்சம் நினைத்திருப்பேன்.

குரூப்பில் போட்டேன். பெங்களூரிலிருந்து ஒருத்தர் அன்றைக்கே பேசினார். அவர் சொன்ன தொகையை இன்னொருதடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மெயின் ரோட்டில் ஒரு கடை காலியாக இருந்தது. செல்போன் ரிப்பேரெல்லாம் இல்லாமல், பழைய கேம் மட்டுமே வைக்கிற கடை ஒன்று போட வேண்டும் என்பது என் பல வருஷக் கனவு. அந்தக் கடைக்கு அட்வான்ஸ், அலமாரி, பெயர்ப் பலகை எல்லாம் இந்த ஒரு பெட்டியில் அடங்கிவிடும். கடையின் சொந்தக்காரரிடம் போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவி எந்த நிறத்தில் பெயின்ட் அடிக்கலாம் என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டாள். பெங்களூர்க்காரர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமை காலைல நானே வர்றேன் சார். அந்த அக்காவும் இருந்தாங்கன்னா நல்லாருக்கும்."

இருக்கட்டும் என்றேன். அவளுக்கு முன்னால் விற்க வேண்டும், அவள் பார்க்கப் பார்க்க அவர் எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் பெங்களூர்க்காரர் வந்துவிட்டார். முப்பத்தெட்டு வயது இருக்கும், பதவிசான ஆள். அவள் சர்ச்சிலிருந்து நேராக வந்தாள், தலையில் முக்காடு போட்ட துப்பட்டா இன்னும் தோளில் கிடந்தது. நான் மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்துப் பெட்டியை வைத்தேன். அவர் தொடாமல் அவளைப் பார்த்தார். அவளும் தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, முதல்ல நீங்க சொல்லுங்க. இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. சுத்தமான பீஸ்."

"கவர்ல?"

"கவர்லயும் ஒண்ணுமில்லீங்க. வந்தது வந்தபடியே இருக்குது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே" என்றாள். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. பரீட்சை ஹாலில் தெரிந்த டீச்சர் பக்கத்தில் வந்து நிற்பார்களே, அப்படி இருந்தது. எனக்கோ வீம்பு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"அதான் சொல்றனுங்களே, ஒண்ணுமே இல்லீங்க. வேணும்னா நீங்க கண்டுபுடிங்க."

அவள் பெட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். திருப்பிப் பார்க்கவில்லை, அதற்குத் தேவையே இருக்கவில்லை. "சார், இங்க வரிசையா ஊசி ஓட்டை தெரியுதா? சூட்டுல சுருங்கயில காத்து வெளிய போறதுக்கு விட்ட ஓட்டை. இது பனியன் பொட்டிக்குப் போடுத கவர். இங்க திருப்பூர்ல போட்டது. ஒரு மாசம்கூட ஆகியிருக்காது."

அவர் என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"பழைய கவர் எங்க சார்?"

"கிழிஞ்சிருந்ததுங்க. அதான்..."

"கிழிஞ்சிருந்தா கிழிஞ்சதுன்னே வாங்கியிருப்பேனே சார். கடைச் சீட்டு ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க" என்றேன்.

"அதுதான் சார் இதுக்கு ஆதாரம். முப்பது வருஷமா யாரும் உள்ள கை வைக்கலைன்னு இனி யார் சொல்லுவா? உள்ள என்ன இருக்குன்னே இப்ப எனக்குத் தெரியாது. பிரிச்சுத்தான் பாக்கணும். பிரிச்சா இது பிரிச்ச பொட்டி." எழுந்துகொண்டார். "கிழிசலோட போட்டோ போட்டிருந்தீங்கன்னா சொன்ன விலைக்குக் குறைச்சிருக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மெயின் ரோட்டுக் கடை அந்தக் காரோடு போய்விட்டது.

அவள் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டோவுலயே தெரிஞ்சுதுண்ணே" என்றாள் கொஞ்சம் கழித்து. "நீங்களே சொல்லிருவியன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நான் வாயே தொறந்துருக்க மாட்டேன்."

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். இவள் ஒரு வார்த்தை எகத்தாளமாகப் பேசினால் போதும், நாலு கத்து கத்திவிட்டு மனசு ஆறிவிடும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இதுக்கு இனிமே பெருசா வெலை இல்லைலா?"

"இல்லீங்க."

"பிரிச்சாலும் ஒண்ணும் நட்டமில்லைலா?"

"இல்லீங்க. அதுக்கென்ன இப்போ?"

தயங்கினாள். அவள் எதற்கும் தயங்கி நான் பார்த்ததில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, டிவி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்போ பிரிச்சு ஒருதடவ போட்டுக் காட்டுங்களேன். இத்தனை கேசட்டு பாத்துருக்கேன், ஒண்ணைக்கூட ஆடிப் பாத்ததில்லண்ணே. இதுல அப்படி என்னதான் இருக்குன்னு எனக்கும் ஒருதடவ ஆடிப் பாக்கணும் போல இருக்கு."

மெஷின் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒயர்கூடச் சொருகியபடிதான் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை.

"கடை சாத்தப்போறனுங்க" என்றேன்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மத்தியானம் இரண்டு மணிவரை கடை திறந்திருப்பேன் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"சரிண்ணே. வாரேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அதுதான் கடைசி. அடுத்த மாதமே அவள் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ள வந்தாளாம். நான் அன்றைக்குக் கடையில் இல்லை.

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். புதுக் கவரைக் கிழித்தேன், பெட்டியைத் திறந்தேன், கேசட்டை மெஷினில் சொருகினேன். அசல் சரக்கு. ஒரு சிமிட்டல் இல்லாமல் படம் வந்தது, பாட்டு வந்தது. நான் கதவோரம் நின்று பார்த்த அதே மாதிரிப் பாட்டு. அது இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற கேம். எனக்கு முன்பே தெரியும், பெட்டியின் மேலேயே போட்டிருந்தது. என் ஆளை மட்டும் கொஞ்ச தூரம் ஓடவிட்டேன். இன்னொரு ஆள் திரையின் ஓரத்தில், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.